ஏழு பெயர்களுக்குள் சுருங்கிய நம்பிக்கை

2014 ஜூலை இரண்டாம் வாரத்தில், குரோம் உலாவியில் ஒரு மாற்றம் செய்யப்போவதாக கூகுள் அறிவித்தது. இந்திய அரசின் வேர்ச் சான்றிதழ் இனி ஏழு முகவரிகளுக்கும் அவற்றின் கிளைகளுக்கும் மட்டுமே செல்லும் என்றது அந்த அறிவிப்பு. அரசுத் துறைகள், தேசியத் தகவலியல் மையமான என்ஐசி, கல்வி நிறுவனங்கள், ரிசர்வ் வங்கி, பாங்க் ஆஃப் இந்தியா, குஜராத்தின் என்கோட், டிசிஎஸ் ஆகியவற்றின் முகவரிகள்தாம் அந்த ஏழு. 'இந்த இணையதளம் உண்மையானது' என்று உலகுக்குச் சான்று சொல்ல ஒரு பெரிய நாட்டின் அரசுக்கு இருந்த இடம், கலிஃபோர்னியாவில் இருக்கும் ஒரு தனியார் நிறுவனத்தின் சில வரி நிரலால் சுருங்கிப்போனது.

பத்தாண்டுகள் கடந்து பார்க்கும்போது, இந்திய இணைய வரலாற்றில் அதிகம் பேசப்பட்டிருக்க வேண்டிய நாட்களில் அதுவும் ஒன்று என்று தோன்றுகிறது. இன்று பெங்களூரிலும் சென்னையிலும் டில்லியிலும் 'நமக்கென்று ஓர் உலாவி, நமக்கென்று ஒரு நம்பிக்கைப் பட்டியல்' என்ற பேச்சு எழுந்திருக்கிறது. அதன் வேர் அந்த ஜூலையில் இருக்கிறது. அந்த நம்பிக்கை ஏன் பறிக்கப்பட்டது என்பதை நேர்மையாகப் பார்க்காமல் அதைத் திரும்பக் கட்ட முடியாது.

வங்கியின் தளத்தைத் திறக்கும்போது உலாவி நமக்கு இரண்டு உறுதிகளைத் தருகிறது. நாம் அனுப்புவதை இடையில் யாரும் படிக்கவோ மாற்றவோ முடியாது என்பது முதலாவது. மறுமுனையில் இருப்பது அந்த வங்கிதான், வேறு யாரோ அல்ல என்பது இரண்டாவது. இரண்டாவது உறுதி இல்லையென்றால் முதலாவதற்குப் பொருளே இல்லை. திருடனோடு ரகசியமாகப் பேசி என்ன பயன்? மறுமுனை யார் என்பதற்குச் சான்று தருபவை சான்றளிக்கும் அமைப்புகள். எந்தெந்த அமைப்பின் வேர்ச் சான்றிதழை, அதாவது அது வழங்கும் மற்றச் சான்றிதழ்களுக்கு அடித்தளமானதை, ஏற்பது என்ற பட்டியலை மைக்ரோசாஃப்ட், ஆப்பிள், மொசில்லா, கூகுள் போன்றவர்கள் வைத்திருக்கிறார்கள். அது நம் கணினியிலும் கைபேசியிலும் நாம் அறியாமலே உட்கார்ந்திருக்கிறது. 1990களின் நடுவில், இணையத்தில் கடன் அட்டை எண்ணை அச்சமின்றி அனுப்ப வழி தேடிய நெட்ஸ்கேப் நிறுவனம் தொடங்கிவைத்த ஏற்பாடு இது.

இதில் பிறவியிலேயே ஒரு பலவீனம் உண்டு. பட்டியலில் இடம்பெற்ற எந்த அமைப்பும் உலகின் எந்தத் தளத்துக்கும் சான்றிதழ் கொடுத்துவிடலாம். டில்லியில் ஓர் அலுவலகத்தில் நேரும் தவறால் சிலியில் இருப்பவரின் மின்னஞ்சல் களவுபோகலாம். பட்டியலில் உள்ள மிக மோசமான அமைப்பின் தரம்தான் மொத்த ஏற்பாட்டின் தரம். அதனால்தான் ஒருவரைப் பட்டியலில் சேர்ப்பதைவிட, தேவையான நேரத்தில் அகற்றுவது பெரிய பொறுப்பாகிறது.

2014இல் நடந்தது இதுதான். ஜூலை 2ஆம் தேதி, தன் முகவரிகளுக்குத் தான் கேட்காத சான்றிதழ்கள் சில புழக்கத்தில் இருப்பதை கூகுள் கண்டது. அவற்றை வழங்கியது என்ஐசி. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன்படி அமைந்த சான்றளிப்போர் கட்டுப்பாட்டாளரிடம் உரிமம் பெற்று என்ஐசி இயங்கிவந்தது. அந்தக் கட்டுப்பாட்டாளரின் வேர்ச் சான்றிதழ் மைக்ரோசாஃப்ட்டின் பட்டியலில் இருந்ததால், விண்டோஸ் கணினிகளில் பல நிரல்கள் அந்தப் பொய்ச் சான்றிதழ்களை மெய்யென்று ஏற்றிருக்கும். தனிப் பட்டியல் வைத்திருந்த மொசில்லாவின் பயர்ஃபாக்ஸில் இந்திய வேர் இல்லை. அதைப் பயன்படுத்தியவர்கள் தப்பினார்கள்.

கூகுள் உடனே இந்திய அதிகாரிகளுக்கும் மைக்ரோசாஃப்ட்டுக்கும் தகவல் சொன்னது. மறுநாளே, ஜூலை 3 அன்று, கட்டுப்பாட்டாளர் தன் வேரிலிருந்து கிளைத்த என்ஐசியின் இடைநிலைச் சான்றிதழ்களை ரத்து செய்தார். ஓர் அரசு அலுவலகம் இவ்வளவு விரைவாகச் செயல்பட்டதைப் பாராட்டத்தான் வேண்டும். தவறு அடுத்த கட்டத்தில் நேர்ந்தது. என்ஐசியின் வழங்கும் முறை ஊடுருவப்பட்டது என்றும், தவறாக வெளியானவை நான்கே சான்றிதழ்கள் என்றும் இந்தியத் தரப்பு விளக்கியது. மூன்று கூகுளின் பெயர்களுக்கு, ஒன்று யாஹூவின் பெயர்களுக்கு. ஆனால் அந்த நான்கில் அடங்காத பொய்ச் சான்றிதழ்களையும் தான் கண்டிருப்பதாக கூகுள் சொன்னது. ஆகவே ஊடுருவலின் அளவு தெரியவில்லை என்ற முடிவுக்கு வந்து, ஏழு பெயர் வேலியைப் போட்டது. ஜூலை 10 அன்று மைக்ரோசாஃப்ட்டும் என்ஐசியின் சான்றிதழ்களை நம்பத்தகாதவை என்று ஒதுக்கியது. பெரிய அளவில் யாரும் ஏமாற்றப்பட்டதற்கு அறிகுறி இல்லை என்று கூகுளே சொன்னது என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

என்ஐசி தரப்பில் வெளியான அறிவிப்பு மிகச் சுருக்கமானது. பாதுகாப்புக் காரணங்களுக்காகச் சான்றிதழ் வழங்குவது நிறுத்தப்பட்டிருக்கிறது, விரைவில் தொடங்கும் வாய்ப்பில்லை, விண்ணப்பங்கள் ஏற்கப்படமாட்டா என்ற அளவில் அது நின்றுகொண்டது. எப்படி நுழைந்தார்கள், எத்தனை நாள் உள்ளே இருந்தார்கள், எந்தக் கதவு திறந்திருந்தது என்ற கேள்விகளுக்கு அதில் பதில் இல்லை.

இந்த இடத்தில் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். இந்தியச் சட்டத்தின் கண்ணில் கட்டுப்பாட்டாளரின் வேர் அன்றும் செல்லும், இன்றும் செல்லும். நம் ஊர் ஆடிட்டர்களும் ஒப்பந்ததாரர்களும் யுஎஸ்பி டோக்கனில் செருகிவைத்து வருமானவரிக் கணக்குக்கும் டெண்டருக்கும் பயன்படுத்தும் டிஎஸ்சி, அதாவது டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழ், அந்த வேரிலிருந்துதான் கிளைக்கிறது. நீதிமன்றம் அதை ஏற்கும். ஆனால் அதே வேர் ஏதோ ஓர் இணையதளத்துக்குச் சாட்சி சொன்னால் பெரிய உலாவிகள் ஏற்பதில்லை. நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் ஒரு திசையிலும் நிரல் இன்னொரு திசையிலும் நிற்கும்போது, அன்றாட வாழ்வில் நிரலே வெல்கிறது. இறையாண்மை பற்றிப் பேசுபவர்களுக்கு இது உறுத்துவதில் வியப்பில்லை. உறுத்தவும் வேண்டும். ஆனால் அந்த உறுத்தல் நம்மை எந்தப் பக்கம் கொண்டுபோகிறது என்பதுதான் கேள்வி.

இதே சோதனையை நெதர்லாந்து மூன்றாண்டுகளுக்கு முன்பே சந்தித்திருந்தது. டிஜிநோட்டார் என்ற டச்சு நிறுவனம் அந்நாட்டு அரசின் இணைய சேவைகளுக்கும் சான்றிதழ் வழங்கிவந்தது. 2011 கோடையில் அதன் அமைப்புக்குள் ஒருவர் புகுந்து 500க்கும் மேற்பட்ட பொய்ச் சான்றிதழ்களை உருவாக்கினார். ஜூலை 19ஆம் தேதியே நிறுவனத்துக்கு ஊடுருவல் தெரிந்துவிட்டது. தெரிந்த சிலவற்றை ரத்து செய்துவிட்டு வெளியே மூச்சுவிடாமல் இருந்தது. ஆகஸ்ட் இறுதியில் ஈரானில் ஜிமெயில் பயன்படுத்திய ஒருவர் உலாவி காட்டிய எச்சரிக்கையைக் கண்டு கேள்வி கேட்டபோதுதான் உலகுக்கு விஷயம் தெரிந்தது. அதற்குள் ஈரானில் ஏறத்தாழ மூன்று லட்சம் இணைய முகவரிகளின் போக்குவரத்து வேவு பார்க்கப்பட்டிருந்தது. அடக்குமுறை ஆட்சியின் கீழ் வாழ்பவருக்குக் கடவுச்சொல் பறிபோவது என்றால் உயிருக்கே ஆபத்து.

உலாவிகள் டிஜிநோட்டாரை அகற்றத் தொடங்கின. அங்கேயும் அரசியல் குறுக்கிட்டது. அரசுக்காக வழங்கப்பட்ட சான்றிதழ்களுக்கு விலக்கு அளிக்கும்படி டச்சு அரசு கேட்டது, மொசில்லா முதலில் இணங்கியது. ஆய்வு முடிவைக் கண்டதும் அரசே தன் நிலையை மாற்றிக்கொண்டது. செப்டம்பர் 3 அன்று, நள்ளிரவு தாண்டிய நேரத்தில், உள்துறை அமைச்சர் பீட் ஹைன் டோனர் செய்தியாளர்கள் முன் வந்து, அரசின் தளங்கள் மெய்யானவை என்பதற்கு இனி உத்தரவாதம் தர முடியாது என்று மக்களிடம் சொன்னார். நிறுவனத்தின் நிர்வாகத்தை அரசு கையில் எடுத்தது. ஃபாக்ஸ்-ஐடி என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் விசாரணை அறிக்கை சில நாட்களில் பொதுவில் வெளியானது. பழுது பார்க்கப்படாத மென்பொருள்கள், பலவீனமான கடவுச்சொல், சர்வர்களில் வைரஸ் தடுப்புகூட இல்லாத நிலை எல்லாம் அதில் அம்பலமாயின. அந்த மாதமே டிஜிநோட்டார் திவாலானது. ஆனால் டச்சு அரசு மீதான நம்பிக்கை திவாலாகவில்லை. மறைத்தவர் மூழ்கினார், சொன்னவர் தப்பினார்.

இந்த நிகழ்வு உலகை ஒரு முக்கியமான கண்டுபிடிப்புக்கு இட்டுச்சென்றது. சான்றளிப்பவர்கள் நல்லவர்களா என்று ஆராய்வதைவிட, அவர்கள் வழங்கும் ஒவ்வொரு சான்றிதழையும் யாரும் பார்க்கக்கூடிய, அழிக்க முடியாத பொதுப் பேரேட்டில் எழுதவைத்தால் என்ன? பென் லாரி, ஆடம் லாங்லி, எமிலியா காஸ்பர் ஆகியோர் வகுத்த இந்த முறை 2013இல் பொது ஆவணமாக வெளியானது. 2018 ஏப்ரல் இறுதிக்குப் பிறகு வழங்கப்படும் எந்தச் சான்றிதழும் இந்தப் பேரேட்டில் ஏறாவிட்டால் குரோம் ஏற்பதில்லை. தன் பெயரில் யாராவது பொய்யாகச் சான்றிதழ் வாங்கியிருக்கிறார்களா என்று ஒரு சிறு கடைக்காரர்கூட இன்று தேடிப் பார்க்கலாம்.

தமிழர்களுக்கு இந்த யோசனை அந்நியமல்ல. நம் கிராமக் கணக்குகளின் வரலாறு இதையேதான் சொல்கிறது. தலைமுறை தலைமுறையாக ஊரின் நிலக் கணக்கு, கிராமக் கணக்கரான கர்ணத்தின் வீட்டுப் பெட்டியில் இருந்தது. அவர் எழுதியதே பட்டா, அவர் சொன்னதே எல்லை. அந்தப் பரம்பரை நம்பிக்கையை 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தால் அகற்றியது. உச்ச நீதிமன்றம் 1982இல் அதை ஏற்றது. தேர்வெழுதி வந்த கிராம நிர்வாக அலுவலர்கள் அந்த இடத்தில் அமர்ந்தார்கள். கர்நாடகம் இதை முன்பே செய்துவிட்டது. மைசூர் கிராம அலுவல்கள் ஒழிப்புச் சட்டம் 1961ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அங்கே கிராமக் கணக்கரான ஷானுபோகரின் பரம்பரை அதோடு முடிந்தது. பிறகு 'பூமி' திட்டத்தின் கீழ் ஏறத்தாழ இரண்டு கோடி நில ஆவணங்கள் கணினிக்கு ஏறின. கையால் எழுதிக் கொடுத்த பஹணி என்ற நில ஆவணம் செல்லாது என்றானது. 15 ரூபாய் கட்டினால் தாலுகா அலுவலகத்தில் அச்சிட்ட நகல் கைக்கு வந்தது.

கர்ணங்களில் நேர்மையானவர்கள் ஏராளம். ஆனால் ஊர் மக்கள் அவர்களின் நேர்மையையே நம்பியிருக்க வேண்டியிருந்தது, சரிபார்க்க வழியில்லை. தாலுகா அலுவலகத்தில் ஆண்டுதோறும் நடக்கும் ஜமாபந்திதான் அதற்கு மாற்று மருந்து. கணக்குப் புத்தகங்கள் மேசைக்கு வருகின்றன, மேலதிகாரி புரட்டுகிறார், குறையுள்ளவர் மனுவோடு நிற்கிறார். சான்றிதழ்களின் பொதுப் பேரேடு, ஆண்டுக்கு ஒருமுறை என்றில்லாமல் நொடிதோறும் நடக்கும் ஜமாபந்தி. பதவியில் இருப்பதால் ஒருவர் மீது நம்பிக்கை வைப்பதை நாம் என்றோ விட்டுவிட்டோம். கணக்கைக் காட்டுவதால் நம்பிக்கை வைக்கிறோம். இணையத்திலும் அதைவிடக் குறைவாகக் கேட்க நமக்குக் காரணம் இல்லை.

கணக்கைக் காட்டச் சொன்னவருக்கு நம் நாட்டில் என்ன நேர்கிறது என்பதற்கு பெங்களூரிலேயே ஒரு சாட்சி உண்டு. 2015 ஜூன் மாதத்தில், அந்நகரைச் சேர்ந்த நிரலாளர் தேஜேஷ் ஜி.என். ஏர்டெல் 3ஜி இணைப்பு வழியாகத் தன் சொந்தத் தளத்தைத் திறந்தார். தான் எழுதாத நிரல் வரிகள் அந்தப் பக்கத்தில் இருப்பதைக் கண்டார். பக்கம் சர்வரிலிருந்து அவர் கைக்கு வரும் வழியில் யாரோ அதைச் செருகியிருந்தார்கள். முகவரியைத் தேடிப்போனால் அது ஏர்டெல்லுக்கு உரியதாக இருந்தது. கண்டதைப் படம்பிடித்துப் பொதுவில் வைத்தார். சில நாட்களில் மும்பை வழக்கறிஞர்களிடமிருந்து நோட்டீஸ் வந்தது. இஸ்ரேலைச் சேர்ந்த ஃபிளாஷ் நெட்வொர்க்ஸ் நிறுவனத்தின் சார்பில் அனுப்பப்பட்ட அந்த நோட்டீஸ், பதிப்புரிமையை மீறியதாகச் சொல்லிக் குற்ற நடவடிக்கையையும் சுட்டி மிரட்டியது. கிட்ஹப் தளத்தில் அவர் வைத்திருந்த ஆதாரங்களும் பதிப்புரிமைப் புகாரால் நீக்கப்பட்டன. வாடிக்கையாளர்கள் எவ்வளவு டேட்டா செலவாகிறது என்று அறிய உதவும் சோதனை முயற்சிதான் அது என்று ஏர்டெல் விளக்கியது. நோட்டீஸுக்கும் தனக்கும் தொடர்பில்லை என்றும் கூறியது.

ஒருவர் தன் சொந்தப் பக்கத்தில் அந்நிய நிரல் ஒட்டியிருப்பதைக் காட்டுகிறார். காட்டியவர் குற்றவாளி ஆக்கப்படுகிறார். அகற்றப்பட்டது நிரல் அல்ல, சாட்சியம். மறையாக்கம் இல்லாத பக்கத்தை வழியில் இருப்பவர் யாரும் திருத்தலாம் என்பதை அந்த நிகழ்வு இந்தியாவுக்குக் கண்முன் காட்டியது. அந்த ஆண்டின் இறுதியில் இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் பொதுவுக்கு வந்தது. 2018 ஜூலையிலிருந்து மறையாக்கம் இல்லாத தளங்களைப் 'பாதுகாப்பற்றது' என்று குரோம் குறிக்கத் தொடங்கியது. இன்று அப்படிச் செருகுவது கடினம். அந்தப் பாதுகாப்பை நமக்குத் தந்தவை சான்றிதழ்கள். ஆகவே சான்றிதழ்களின் நம்பகத்தன்மை பொறியாளர்களின் உள்விவகாரம் ஆகாது. செல்போன் வைத்திருக்கும் ஒவ்வொருவரின் விவகாரம் அது.

பெங்களூரு இன்னொரு பாடத்தையும் வைத்திருக்கிறது. அந்நகரைத் தலைமையிடமாகக் கொண்ட இமுத்ரா, கட்டுப்பாட்டாளரிடம் உரிமம் பெற்ற நிறுவனம். டிஎஸ்சி வாங்கியவர்கள் பலருக்கு அந்தப் பெயர் தெரியும். இணையதளங்களுக்குச் சான்றளிக்க அது அரசின் வேரைச் சார்ந்து நிற்கவில்லை. எம்சைன் என்ற பெயரில் தனக்கென்று வேர்ச் சான்றிதழ்களை உருவாக்கி, பன்னாட்டுத் தணிக்கைக்கு உட்பட்டு, உலாவிகளின் பட்டியல்களில் இடம்பிடித்தது. மொசில்லாவின் பட்டியலில் சேர விரும்பும் எந்த நிறுவனமும் பொது விவாதத்தில் யார் கேட்கும் கேள்விக்கும் பதில் சொல்லியாக வேண்டும். இந்திய வேர் என்பதற்காகக் கதவு சாத்தப்படவில்லை என்பதற்கு இமுத்ராவே சான்று. கேள்விகளுக்குப் பதில் சொன்னால் கதவு திறக்கிறது. பெரிய பெயர் என்பதற்காக யாரும் தப்பியதும் இல்லை. உலகின் மிகப் பெரிய சான்றளிப்பாளர்களில் ஒன்றான அமெரிக்காவின் சைமன்டெக், விதிமீறல்களுக்காக 2018இல் படிப்படியாக அகற்றப்பட்டது. 2024இல் என்ட்ரஸ்ட்டுக்கும் அதே கதி.

இந்தப் பின்னணியில்தான் 2023 ஆகஸ்ட் 9 அன்று மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் இந்திய உலாவிக்கான போட்டியை அறிவித்தது. சான்றளிப்போர் கட்டுப்பாட்டாளரும், அரசின் கணினி ஆய்வு அமைப்பான சி-டாக்கின் பெங்களூரு மையமும் அதன் பங்காளிகள். மொத்தப் பரிசு 3.41 கோடி ரூபாய். உலாவியில் தனி நம்பிக்கைப் பட்டியல் இருக்க வேண்டும், அதில் இந்தியக் கட்டுப்பாட்டாளரின் வேர் உள்ளடங்க வேண்டும் என்பது நிபந்தனை. 2014இல் இழந்ததை மீட்கும் முயற்சி என்று அதைப் படிக்கலாம். 2025 மார்ச்சில் முடிவு வந்தது. முதல் பரிசான ஒரு கோடி ரூபாய், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோவின் 'உலா' உலாவிக்குக் கிடைத்தது.

இதை வரவேற்கிறேன். உலாவின் இயந்திரப் பகுதி கூகுளின் திறமூல நிரலான குரோமியத்தின் மேல் கட்டப்பட்டது என்பதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட நிரலை எடுத்து வளர்ப்பது நேர்வழிதான். தன்னாட்சிக் கவலையும் கற்பனை அல்ல. 2022இல் உக்ரைன் போரை ஒட்டிய தடைகளால் ரஷ்யத் தளங்கள் சான்றிதழ்களைப் புதுப்பிக்க முடியாமல் திணறின, அந்த அரசு தனக்கென்று ஒரு வேரை உருவாக்கிக்கொண்டது. 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் தடையைக் காரணமாக்கி, குஜராத்தின் வாடினாரில் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜிக்குத் தன் சேவைகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவைத்தது. நிறுவனம் டில்லி உயர் நீதிமன்றத்தை நாடியது, சில நாட்களில் சேவை திரும்பியது. இந்திய மண்ணில் இந்தியச் சட்டப்படி இயங்கும் நிறுவனத்தின் மின்னஞ்சலை வேறொரு கண்டத்தின் முடிவு முடக்க முடியும் என்பது அன்று நிரூபணமானது. நாளை அது சான்றிதழாக இருக்கலாம்.

நம்பிக்கைப் பட்டியலின் காவலர்களான உலாவி நிறுவனங்களின் அதிகாரமும் அளவு மீறியதுதான். உலக அளவில் உலாவிப் பயன்பாட்டில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குரோமுடையது. அதே கூகுள் சான்றிதழும் வழங்குகிறது, விளம்பரமும் விற்கிறது. யாரை அகற்றுவது என்று அது தீர்மானித்தால் மேல்முறையீடு செய்ய மன்றம் இல்லை. 2014இல் அது செய்தது சரி என்று நான் நினைக்கிறேன். ஆனால் ஒரு தீர்ப்பு சரியாக இருந்தது என்பதால், நீதிபதியை யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்று ஆகிவிடாது. இந்தியாவிலிருந்து பொறுப்பான இன்னொரு உலாவி எழுந்தால் அந்த ஒற்றை அதிகாரம் கொஞ்சமாவது பங்கிடப்படும்.

ஆனால் இதே பாதையில் ஒரு பள்ளமும் இருக்கிறது. 2019 ஜூலையில் கஜகஸ்தான் அரசு தன் வேர்ச் சான்றிதழைக் கருவிகளில் நிறுவிக்கொள்ளும்படி குடிமக்களிடம் சொன்னது. நாட்டின் பாதுகாப்புக்காக என்றது. உண்மையில் மறையாக்கப்பட்ட போக்குவரத்தைப் பிரித்துப் படிக்க அது வழி செய்தது. ஆகஸ்டில் கூகுளும் மொசில்லாவும் ஆப்பிளும் அந்த வேரைத் தடுத்தன. ஐரோப்பிய ஒன்றியத்திலேயே, அரசுகள் அங்கீகரித்த சான்றளிப்பாளர்களை உலாவிகள் ஏற்றே ஆக வேண்டும் என்ற சட்ட வாசகத்தை எதிர்த்து, 2023இல் 500க்கும் மேற்பட்ட அறிஞர்கள் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். அரசு ஒரு வேரைப் பட்டியலில் வைக்கும் என்பதற்கு மட்டும் அவர்கள் அஞ்சவில்லை. தவறு நடந்தபின்னும் அதை அகற்ற முடியாமல் போகும் என்பதற்கும் அஞ்சினார்கள்.

இந்திய உலாவிகளின் உரைகல் இதுதான். போட்டியின் நிபந்தனை இந்திய வேரைச் சேர்க்கச் சொல்கிறது. அதே வேரின் கீழ் இன்னொரு 2014 நடந்தால், சென்னையில் உலாவி செய்யும் பொறியாளர் டில்லியில் இருக்கும் கட்டுப்பாட்டாளரின் முகத்துக்கு நேராக 'இதை நீக்குகிறேன்' என்று சொல்ல முடியுமா? முடியும் என்பதற்கு எழுதப்பட்ட உறுதி வேண்டும். அகற்ற முடியாத வேர் ஒன்று பட்டியலில் இருந்தால், அந்தப் பட்டியல் வெறும் உத்தரவு.

செய்ய வேண்டியவை தெளிவானவை. இந்தியக் கட்டுப்பாட்டாளரின் கீழ் இணையதளங்களுக்கு வழங்கப்படும் ஒவ்வொரு சான்றிதழும் பொதுப் பேரேட்டில் ஏற வேண்டும், விலக்கு யாருக்கும் கூடாது. யாரைச் சேர்ப்பது, எந்தத் தவறுக்கு எத்தனை நாளில் அகற்றுவது என்ற விதிகளை நம் உலாவி நிறுவனங்கள் முன்கூட்டியே வெளியிட்டு, முடிவுகளைப் பகிரங்கமாக எடுக்க வேண்டும். பழுதைக் கண்டு சொல்பவரைச் சட்டம் காக்க வேண்டும்; பெங்களூரு நிரலாளருக்கு வந்ததைப் போன்ற நோட்டீஸ் இனி ஒருவருக்கும் வரக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, அரசு தனக்குத் தானே ஒரு காலக்கெடு வைத்துக்கொள்ள வேண்டும். இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் பிறப்பித்த ஆணைப்படி, இணைய ஊடுருவலைக் கண்ட நிறுவனங்கள் ஆறு மணி நேரத்துக்குள் அதை அந்த அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். பெங்களூரின் சிறு நிறுவனங்களும் அந்த ஆறு மணி நேரக் கெடுவோடுதான் வாழ்கின்றன. அரசிடம் நிறுவனங்கள் சொல்ல ஆறு மணி நேரம் என்றால், மக்களிடம் அரசு சொல்ல எத்தனை நாள்? அந்த எண் எந்த ஆணையிலாவது எழுதப்பட வேண்டும். 2014 ஊடுருவலின் முழு அறிக்கையை முன்வைப்பதில் இருந்தே அதைத் தொடங்கலாம். ஆண்டுகள் கடந்துவிட்டதால் யாருக்கும் பாதகம் இல்லை, நாட்டுக்கு நன்மை உண்டு.

எட்டாவது அட்டவணையில் உள்ள எல்லா மொழிகளும் புழங்கும் உலாவி வேண்டும் என்ற எண்ணத்தோடு நடந்த போட்டி அது. அப்படியானால் அதன் கணக்கும் அந்த மொழிகளில் வரட்டும். எந்த வேரை ஏற்றோம், எதை நீக்கினோம், ஏன் நீக்கினோம் என்று தமிழிலும் கன்னடத்திலும் படித்து, ஒரு விவசாயியின் மகள் கேள்வி கேட்கும் அளவுக்கு அது திறந்திருக்கட்டும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தயாரான நாளில், நம் வேரை ஏற்கும்படி உலகிடம் கேட்கும் தகுதி நமக்கு வரும்.